பட்டாசல் ஊஞ்சல்

அல்சைமர் நோய் கண்டவரை உட்காரவைத்து, அவர் உடலை மெதுவாகவும் ஒரே சீராகவும் முன்னும் பின்னுமாக அசைய விடுவது மறதிநோய்ப் பராமரிப்பில் கையாளப்படும் மருந்தில்லா முறைகளில் ஒன்று. மேலைநாட்டு முதியோர் இல்லங்களில் இதற்குச் சாய்ந்தாடும் நாற்காலியும், கவிழாமல் முன்பின் நகர்ந்து வரும் கிளைடர் இருக்கையும் பயன்படுகின்றன. தமிழ் வீடுகளில் அதே வேலையை ஊஞ்சல் செய்துவிடும். நோயை இது குணப்படுத்தாது. போன நினைவு திரும்பாது. நோய் முற்றும் வேகமும் குறையாது. பதற்றம், ஓயாத நடை, அந்திக் கலக்கம், தூக்கம் பிடிக்காமை ஆகியவை சற்றுத் தணியலாம். அந்தச் சற்றுக்காகத்தான் இவ்வளவும்.

இங்கே சொல்லப்படும் கவனிப்புகள் திருநெல்வேலி டவுணில் ஒரு பழைய வீட்டில் கிடைத்தவை. நோயாளி, இதை எழுதுபவரின் அப்பாவைப் பெற்ற ஆச்சி. அவரைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் மருமகள், அதாவது எழுதுபவரின் தாய். ஊஞ்சலைப் பற்றிய பட்டறிவெல்லாம் அந்த மருமகளுடையது. ஆய்வுத் தாள் எதையும் அவர் படித்ததில்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது முதியோர் இல்லங்களில் அல்ல, வீடுகளில். மனைவி, மகள், மருமகள் கையில். அதனால் இந்த விஷயத்தில் வீட்டு அனுபவத்துக்கு ஆய்வுக்கூடத்துக்கு நிகரான இடம் உண்டு.

அசைவை உடலுக்குச் சொல்வது உட்செவி. ஒவ்வொரு காதின் உள்ளேயும் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை திரும்புவதையும் சுழல்வதையும் குழல்கள் உணரும். நேர்கோட்டில் முன்பின் நகர்வதையும், எது மேல் எது கீழ் என்பதையும் பைகள் உணரும். பைகளுக்குள் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்த ஒரு சவ்வு இருக்கிறது. உடல் நகரும்போது அது சற்றுப் பின்தங்கி, அடியிலுள்ள மயிரணுக்களை வளைக்கிறது. அந்தச் செய்தி சமநிலை நரம்பின் வழியே மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து சிறுமூளைக்கும் தாலமஸுக்கும், இதயத் துடிப்பையும் மூச்சையும் தாமாக நடத்தும் மையங்களுக்கும் பிரிகிறது. ஊஞ்சலில் சற்று நேரம் இருந்தால் மூச்சு நிதானப்படுவதற்கு இந்தத் தொடர்பே காரணமாகக் கருதப்படுகிறது.

ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2011இல் நலமான இளைஞர் சிலரை ஆடும் கட்டிலில் பகல் தூக்கம் தூங்கவைத்துப் பார்த்தார்கள். கட்டில் நான்கு வினாடிக்கு ஒரு முறை போய் வந்தது. அசையாத கட்டிலைவிட அதில் சீக்கிரம் உறக்கம் வந்தது. ஆழ்ந்த நிலைக்கும் விரைவில் போனது. 2019இல் அதே குழு இரவு முழுவதும் ஆட்டிப் பார்த்து, அவ்வாறு தூங்கியவர்கள் முந்தைய மாலை படித்த சொற்களைக் காலையில் கூடுதலாக நினைவில் வைத்திருந்ததைக் கண்டது. அதே ஆண்டு எலிகளில் செய்த இன்னோர் ஆய்வு, உட்செவிப் படிகங்கள் வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டத்தால் பலனில்லை என்று காட்டியது. தாலாட்டு வேலை செய்வது காதின் உள்ளே என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. ஆனால் ஜெனீவாவில் தூங்கியவர்கள் நோயில்லாத இளவயதினர். அந்தப் பலன் அப்படியே எண்பது வயது அல்சைமர் நோயாளிக்கும் கிடைக்கும் என்று எழுதுபவர்கள் அவசரப்படுகிறார்கள்.

அல்சைமர் நோய் மூளையை ஒரே நேரத்தில் முழுவதுமாகத் தாக்குவதில்லை. அமிலாய்டு படிவுகளும் டௌ புரதச் சிக்கல்களும் சேரும்போது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றிய பகுதிகளும் முதலில் சேதமாகின்றன. காலையில் வந்து போனவர் யார் என்பது மறந்துபோவது அதனால்தான். சிறுமூளையையும் மூளையின் அடிக்கணுக்களையும் சார்ந்த உடற்பழக்கங்கள் வெகுநாள் தங்கிநிற்கும். ஆச்சி மருமகளின் பெயரை இழந்த பிறகும் ஊஞ்சலில் ஏறும் முறையை இழக்கவில்லை. முதலில் வலக்கை சங்கிலியைத் தேடும், உடல் திரும்பும், பலகையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் தட்டியதும் உட்காருவார். பிறகு பெருவிரல் தரையை ஒரு முறை உந்தும். அதே ஆச்சியை சோபாவில் உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். சோபா அந்த வீட்டுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஊஞ்சலோ அவர் மணமாகி வந்த நாளிலிருந்து பட்டாசலில், அதாவது கூடத்தில், தொங்கியது. வெற்றிலை போட்டதும், அவரைக்காய் நார் உரித்ததும், பிள்ளைகளை மடியில் போட்டுத் தூங்கவைத்ததும் அதன்மேல்தான்.

மனநோய்க்கு ஆட்டத்தை மருந்தாக்கிய வரலாற்றில் கொடுமையான பக்கம் ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் மேசன் காக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், எராஸ்மஸ் டார்வினின் யோசனையைப் பின்பற்றி, நோயாளிகளை நாற்காலியில் கட்டிச் சுழற்றும் கருவி ஒன்றைப் பரப்பினார். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் வில்லியம் சாண்டர்ஸ் ஹாலரன் அதை இன்னும் வேகமாகச் சுழலும்படி செய்தார். வாந்தியும் மயக்கமும் வந்து நோயாளி அடங்கிப்போவதையே குணம் என்று எண்ணினார்கள். பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ இதற்கு நேர்மாறான வழியில் போனார். நடுக்குவாத நோயாளிகள் நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு தெம்பாக இருப்பதாகச் சொன்னதைக் கவனித்து, ரயில்பெட்டியைப் போல அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். அதைப் பற்றிய அவருடைய சொற்பொழிவு 1892இல் வந்தது. நூற்றிருபது ஆண்டு கழித்து அமெரிக்காவில் அந்தச் சோதனையை முறையாகத் திரும்பச் செய்தபோது, அதிரும் நாற்காலியில் இருந்தவர்களுக்கும், அதிராத நாற்காலியில் இதமான ஒலி கேட்டுக்கொண்டு இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம் தெரிந்தது. அமைதியான இடத்தில் சாய்ந்திருப்பதே பாதி வைத்தியம் என்று இதைப் படிக்கலாம். அல்சைமர் ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்த எச்சரிக்கை கூடவே இருக்க வேண்டும்.

மறதிநோயில் ஆட்டத்தைப் பற்றிப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியில் நான்சி வாட்சன் நடத்தி 1998இல் வெளியிட்டது. முதியோர் இல்லத்தில் இருந்த மறதிநோயாளிகள் 25 பேர் ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள், சாய்ந்தாடும் நாற்காலியில் ஆடினார்கள். அதிக நேரம் ஆடியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. வலி மாத்திரையின் தேவை குறைந்தது. நிற்கும்போது உடலின் தள்ளாட்டமும் கொஞ்சம் குறைந்தது. எல்லோருக்கும் ஒரே பலன் இல்லை. 2001இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மரியா ஸ்னைடர் குழுவினர் கிளைடர் இருக்கையில் நாளுக்கு 20 நிமிடம் ஆடவைத்துப் பார்த்தார்கள். மனநிலை தெளிந்தது, உடல் தளர்ந்து ஓய்வுற்றது. ஆனால் அடிப்பது, திட்டுவது போன்ற நடத்தையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். மருந்துச் சோதனைகளுக்கு வேண்டிய எண்ணிக்கையும் கண்டிப்பும் இவற்றில் கிடையாது. செலவும் தீங்கும் குறைவு என்பதால் முயன்று பார்க்கலாம் என்ற அளவில் மருத்துவர்கள் இதை ஏற்கிறார்கள். அந்த அளவு சரியான அளவு.

ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது தள்ளுபவர் அல்ல, சங்கிலியின் நீளம். ஊஞ்சல் ஓர் ஊசல். எட்டடிச் சங்கிலியில் தொங்கும் பலகை ஒரு முறை போய்வர மூன்று வினாடிக்குச் சற்று மேல் ஆகும். பத்தடிச் சங்கிலியில் மூன்றரை வினாடி. உத்தரம் உயரமான பழைய வீட்டு ஊஞ்சல் ஜெனீவாக் கட்டிலின் நான்கு வினாடிக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரும்புத் தாங்கியில் தொங்கும் ஊஞ்சலின் சங்கிலி நான்கைந்து அடிதான். அது இரண்டேகால் வினாடியில் போய் வந்துவிடும். கூடை ஊஞ்சல் இன்னும் மோசம். அது ஒற்றைக் கொக்கியில் தொங்குவதால் முன்பின் போவதோடு சுழலவும் செய்யும். சுழற்சி அரைவட்டக் குழல்களைக் கிளறி, முதியவர்களுக்குத் தலைச்சுற்றலைக் கொண்டுவரும். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் ஆசையாக வாங்கிவந்த கூடை ஊஞ்சலில் ஆச்சி உட்கார்ந்த மாத்திரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார், முகம் வெளுத்துவிட்டது. அதில் பிறகு துவைத்த துணிகள்தாம் இருந்தன.

பட்டாசல் ஊஞ்சலிலும் சில மாற்றங்கள் தேவைப்பட்டன. உள்ளங்கால் முழுதும் தரையில் படாவிட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் விழ நேரும். ஆசாரி வந்து சங்கிலியில் ஒரு கண்ணி சேர்த்துப் பலகையைச் சாப்பாட்டு மேசை நாற்காலியின் உயரத்துக்கு இறக்கினார். விரலும் தலைமுடியும் சிக்காமல் சங்கிலியில் பழைய வேட்டித் துணி சுற்றப்பட்டது. கீழே கிடந்த கயிற்றுப்பாய் கால் தடுக்கும் என்று எடுக்கப்பட்டது. முதுகுக்குச் சாய்மானம் இல்லாதது ஊஞ்சலின் பெரிய குறை; அதற்கு மருமகள் கண்ட வழி, ஆச்சியின் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து ஒரு கையைப் பின்னால் கொடுத்துக்கொள்வது. ஆட்டத்தின் கட்டுப்பாடும் அதனால் அவர் காலில் இருந்தது. துண்டால் சங்கிலியோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கட்டிவைப்பது பதற்றத்தைக் கூட்டும், நழுவினால் கட்டே ஆபத்தாக முடியும் என்பது பராமரிப்பு நூல்கள் எல்லாம் சொல்வது.

பின்னாலிருந்து தள்ளுவதும் கூடாது. பகலில் உதவிக்கு வந்த பெண் முதல் நாள் முதுகுப்பக்கம் நின்று பலகையைத் தள்ளிவிட, ஆச்சி அலறிவிட்டார். யார் தள்ளுகிறார்கள், எதற்கு என்று தெரியாத ஒருவருக்கு அது தாக்குதல். பக்கவாட்டில், முகம் தெரியும்படி நின்று, “ஆடுவோமா ஆச்சி” என்று கேட்டுவிட்டுச் சங்கிலியை லேசாக அசைத்தால் போதும். மற்றதை அவர் கால் பார்த்துக்கொள்ளும். நோயாளி தானே உந்தி ஆடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கணுக்காலும் கெண்டைத்தசையும் வேலை செய்வதால் காலில் தேங்கும் இரத்தம் மேலேறும், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் கால்வீக்கம் குறையும்.

நேரம் பார்த்து உட்காரவைப்பது முக்கியம். அல்சைமர் நோயில் உடலின் நாள்கடிகாரத்தை நடத்தும் மூளைப்பகுதியும் தேய்வதால், பிற்பகலிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை பலருக்குக் கலக்கம் கூடும். ஆச்சிக்கு அது ஐந்து மணி வாக்கில் தொடங்கும். சேலைத் தலைப்பில் எதையாவது முடிந்துகொண்டு வாசலுக்கு நடப்பார்.

“நேரமாயிட்டு, வீட்டுக்குப் போணும். அம்மை தேடுவா.”

“போவோம் அத்த. வண்டி வரட்டும், அது வரைக்கும் இதுல இருங்க.”

அவர் சொல்லும் வீடு சேரன்மாதேவியில் இருந்த பிறந்த வீடு. அது இடிந்தே பல காலம். வீடு இல்லை, அம்மை இல்லை என்று திருத்திய நாட்களில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் துக்கம் கேட்டவரைப் போல அழுதார். மருமகள் திருத்துவதை விட்டார். கலக்கம் தொடங்கிய பிறகு உட்காரவைப்பதைவிட, நான்கரைக்கே காப்பி கொடுத்து ஊஞ்சலுக்குக் கூட்டிவந்துவிட்டால் பல நாள் அந்தப் பேச்சே எழாது என்பதையும் அவர்தான் கண்டார். அரை மணி, முக்கால் மணி ஆட்டம். தொலைக்காட்சி ஓடினால் பலனில்லை. வெளிச்சம் மங்குமுன் விளக்கைப் போட்டுவிட வேண்டும். நிழல்களைப் பார்த்து ஆள் நிற்பதாகப் பயப்படுவது குறையும்.

ஒரு முறை கொக்கிகளில் எண்ணெய் விட்டார்கள். பல வருடமாகக் கேட்டுவந்த கிரீச்சொலி நின்றது. அன்று ஆச்சி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுக் காலை ஊன்றி நிறுத்தினார், மேலே பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். சில நாள் அப்படியே நடந்தது. எண்ணெய் வற்றி ஒலி திரும்பிய பிறகுதான் பழையபடி உட்கார்ந்தார். இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்டால் இல்லை. தாளம் உடலுக்குக் காது வழியாகவும் போகிறது, ஒவ்வொரு திருப்பமும் எப்போது வரும் என்று அந்த ஒலி முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று ஊகிக்க மட்டும் முடியும். கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வேறு. அதை ஆண்டுக்கொரு முறையாவது பார்த்தே ஆக வேண்டும்.

ஊஞ்சல் இல்லாத வீட்டில் இதே தேவையை வேறு அசைவுகள் நிறைவு செய்யும். கைகோத்துத் தெருமுனை வரை நடப்பது, ஆட்டோவில் ஊரை ஒரு சுற்று சுற்றி வருவது, எதிரெதிரே உட்கார்ந்து இரு கைகளையும் பிடித்து முன்பின் அசைவது என்று பல. கை வேலைகளும் சேரும். காலை நேரத்தில் ஆச்சிக்கு முறமும் கொஞ்சம் அரிசியும் கொடுப்பார்கள். அவர் புடைப்பார், கல் பொறுக்குவதாகச் சில அரிசியைப் பொறுக்கி எறிவார். சில நாள் வெறும் முறத்தையே புடைத்துக்கொண்டிருப்பார், அதே அழகான மணிக்கட்டு அசைவோடு. எந்த அசைவு என்பது அவரவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பொறுத்தது. வாழ்நாளில் ஊஞ்சலிலேயே ஏறாத ஒருவரை எழுபத்தைந்து வயதில் அதில் ஏற்றி அமைதியாக இரு என்றால், பயம்தான் மிஞ்சும். தறி நெய்தவருக்கும் மாவாட்டியவருக்கும் தையல் மிதித்தவருக்கும் அவரவர் தாளம் கையிலும் காலிலும் இருக்கும். முதலில் அதைத் தேட வேண்டும்.

பதற்றம் எல்லாவற்றுக்கும் ஆட்டம் விடையல்ல. ஒரு வாரம் ஆச்சி ஊஞ்சலில் உட்காரவே மறுத்தார். இரவு முழுவதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பகலில் அரைத் தூக்கம். நோய் முற்றிவிட்டது என்றே வீட்டில் நினைத்தார்கள். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று தெரிந்தது. மருந்து கொடுத்ததும் சில நாளில் பழைய நிலைக்கு வந்தார். மறதிநோயாளியிடம் திடீரென்று தோன்றும் மாற்றத்துக்குத் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது உடற்காரணம் அடிக்கடி இருக்கும். அவரால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது, நடத்தைதான் சொல்லும். முதலில் அதைப் பார்த்துவிட்டே ஆட்டத்துக்கு வர வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. தலையைத் திருப்பினாலே சுற்றும் உட்செவிக் கோளாறு உள்ளவர்கள், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்கள், அண்மையில் பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ கண்டவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் ஆடக் கூடாது. சாப்பிட்ட உடனே ஆட்டம் வேண்டாம். ஆடும்போது வாயில் எதையும் ஊட்டவும் வேண்டாம், புரையேறும். முகம் வெளுப்பது, வியர்ப்பது, சங்கிலியை இறுகப் பிடிப்பது, குமட்டுவது, கண்மணி ஒரு பக்கமாகத் துடிப்பது ஆகியவை உடனே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். பலகையை முழங்காலால் அணைத்து முற்றிலும் நிறுத்தி, ஒரு நிமிடம் உட்காரவைத்து, பிறகு இரு கையும் பிடித்து எழுப்ப வேண்டும். எழும்போது இரத்த அழுத்தம் இறங்குவது முதுமையில் சாதாரணம். அல்சைமருக்குப் பரவலாகத் தரப்படும் டோனெபெசில் சிலருக்கு இதயத் துடிப்பைக் குறைப்பதால் மயக்கத்துக்கு இன்னும் இடமுண்டு.

பார்த்துக்கொள்பவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. இதை ஆய்வுகள் அதிகம் எழுதுவதில்லை. நாள் முழுவதும் ஒருவர் பின்னால் நடந்து, கதவைப் பூட்டி, ஒரே கேள்விக்கு ஓயாமல் விடை சொல்லி முடித்த மருமகள் தானும் உட்காரக் கிடைத்த நேரம் அந்த அரை மணிதான். பேச்சு தேவையில்லை, வேலை ஒன்றும் ஏவ முடியாது. ஆச்சி சில சமயம் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, “நீ யாரு வீட்டுப் பிள்ளட்டி?” என்று கேட்பார். “உங்க வீட்டுப் பிள்ளதான் அத்த” என்ற பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நோயின் கடைசிக் கட்டத்தில் உடற்பழக்கங்களும் போகும். உட்கார்ந்தால் உடல் ஒரு பக்கமாகச் சரியும், கழுத்து நிற்காது, கால் தரையை உந்தாது. அப்போது ஊஞ்சலை நிறுத்திவிட வேண்டும். தலைக்கும் இரு பக்கத்துக்கும் தாங்கல் உள்ள சாய்வு நாற்காலியில் சிறிது காலம் மென்மையாக அசைக்கலாம். ஆச்சியின் வீட்டில் அப்படி ஒரு நாற்காலி வாங்கப்படவில்லை. அவர் சீக்கிரமே படுக்கையில் விழுந்தார். படுக்கையில் இருப்பவருக்குச் செய்யக்கூடியது குறைவு. மூட்டு இறுகாமல் கை, கால், விரல்களை மெதுவாக மடக்கி நீட்டிவிடலாம். அதை ஒரே தாளத்தில் செய்தால் எதிர்ப்பு குறையும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டும்போது தோளிலும் இடுப்பிலும் கைவைத்து, சட்டென்று உருட்டாமல், இரண்டு மூன்று முறை லேசாக முன்பின் அசைத்துவிட்டுத் திருப்பினால் நோயாளி திடுக்கிடுவதில்லை, உடலை விறைப்பதுமில்லை. மருமகளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துபோன பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, இப்படியே செய்யுங்கள் என்று சொல்லிப் போனார்.